ஒரு நெல்மணிக்குப் பின்னால் எத்தனை துறை

பிள்ளையை அக்ரி காலேஜில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் பலரும் கேட்பது இதுதான்: "விவசாயம் பார்க்கப் பட்டம் எதுக்குங்க?" நியாயமான கேள்வி. உட்காருங்கள், டீ வரட்டும்.

விதைக் கடையில் கோ 51 நெல் பார்த்திருப்பீர்கள். 'கோ' என்பது கோயம்புத்தூர். ஆடுதுறையில் உருவானது ஏ.டி.டி., அம்பாசமுத்திரத்தில் உருவானது ஏ.எஸ்.டி., பெரியகுளத்துச் செடிமுருங்கை பி.கே.எம். 1. இந்த ஊர்களில் எல்லாம் இருப்பவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள். 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, பிறகு கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமானது அது.

புது நெல் ரகம் எப்படி வருகிறது என்று பார்த்தால் அங்கே என்னென்ன படிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். நெல் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். இரண்டு ரகங்களைச் சேர்க்க வேண்டுமானால் அதற்கு முந்திக்கொள்ள வேண்டும். மறுநாள் பூக்கப்போகும் மணிகளை மாலையிலேயே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் நுனியையும் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டுக் காகித உறை மாட்டுகிறார்கள். காலையில் பூ விரியும் நேரத்துக்குத் தந்தைக் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் தட்டுகிறார்கள். ஒரு பை தப்பினாலும் தாயின் சொந்த விதையே விளைந்துவிடலாம். இது பயிர் இனப்பெருக்கமும் மரபியலும் படித்தவர் வேலை. அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கச் சில ஆண்டுகள் போகும்.

தேறியதைப் பூச்சியியல்காரர் புகையானுக்கு நடுவே வளர்க்கிறார், நோயியல்காரர் குலைநோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார். உரம் எவ்வளவு என்பதை மண்ணியலும் உழவியலும் சொல்லும். சோறு குழைகிறதா என்று பார்க்கவும் ஆள் உண்டு.

யாரும் பேசாத துறை ஒன்று இருக்கிறது: புள்ளியியல். ஒரே வயலில் வாய்மடைப் பக்கம் ஒரு விளைச்சல், கடைமடைப் பக்கம் இன்னொன்று. நல்ல மூலையில் நட்ட ரகம்தான் நல்ல ரகம் என்று ஏமாறக் கூடாது. அதனால் வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்த ரகம் எந்தப் பாத்திக்கு என்பதைக் குலுக்கிப்போட்டு, ஒவ்வொன்றையும் பல தடவை நடுகிறார்கள். இந்தக் கணக்கு சரியில்லையென்றால் மற்ற எல்லா உழைப்பும் வீண் என்பது என் எண்ணம். அதனால் பிள்ளையிடம் வயல் பிடிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். பூச்சி பிடிக்குமா, கணக்கு பிடிக்குமா என்றும் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் நெல்லோடு நிற்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் வனவியல், பட்டுவளர்ப்பு, மதுரையில் சமுதாய அறிவியல் (பழைய பெயர் மனையியல்), இவை தவிர வேளாண் பொறியியலும் உண்டு. கால்நடைப் படிப்பு 1989இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்துவிட்டது.

மறுபடி நெல்லுக்கு வருவோம். ரகம் வெளியான பிறகும் வேலை ஓய்வதில்லை. கைப்பிடியளவு கரு விதையைக் கலப்பில்லாமல் காத்து, அதிலிருந்து மஞ்சள் அட்டை கட்டிய வல்லுநர் விதை, அதிலிருந்து வெள்ளை அட்டை ஆதார விதை, அதிலிருந்து நீல அட்டை சான்று விதை என்று பெருக்குகிறார்கள். சான்று விதை வாங்கினால் உங்கள் கைக்கு வருவது நீல அட்டை. சொந்த விதையையே விதைப்பவரையும் சில பருவங்களுக்கு ஒருமுறை புது விதை வாங்கச் சொல்வது ஏனென்றால், களத்திலும் சாக்கிலும் வேறு ரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும்.