ஒரே பாத்தி, ஏன் இத்தனை உயரம்?

ஒரே நாளில் நட்ட நாற்று, ஒரே தண்ணீர், ஒரே எரு. ஆனாலும் நட்டு ஒன்றரை மாதத்தில் ஒரு மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வளர்ந்து பூவெடுக்கிறது. பக்கத்துச் செடி சாண் உயரம் தாண்டாமல் சவலையாக நிற்கிறது. வீட்டுத் தோட்டத்துக்குப் புதியவர்கள் மனம் தளர்வது இங்கேதான். உடனே உரம் போடத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். சவலைச் செடிகள் பாத்தியில் எங்கெங்கே நிற்கின்றன என்று முதலில் பாருங்கள். அதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் படிப்படியாக வளர்ச்சி மாறினால் வெயிலையும் தண்ணீரையும் கவனியுங்கள். மிளகாய்க்கு தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். சுவர் நிழல் விழும் பக்கத்தில் செடி மெலிந்து நெடுநெடுவென்று போகும், பூ குறையும். தென்னையோ முருங்கையோ அருகில் இருந்தால், அதன் வேர் தண்ணீரை இழுத்துக்கொள்ள, அந்தப் பக்கத்துச் செடிகள் குட்டையாகவே நிற்கும். பள்ளமான பக்கத்தில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும்.

திட்டுத் திட்டாகச் செடிகள் முடங்கினால் கோளாறு பெரும்பாலும் மண்ணில். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவு புதைந்த இடத்தில் மண் காரத்தன்மை கொள்ளும். செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கழிவைத் தோண்டி எடுத்து, மக்கிய தொழு உரம் கலப்பதே வழி.

இன்னொரு காரணம், வேர்முடிச்சு நூற்புழு. மிக மோசமான செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி முண்டு முண்டாக இருக்கும். அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு உண்டு. அது தழைச்சத்து தரும் நல்ல முடிச்சு, வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். மிளகாய் வேரின் வீக்கம் உதிராது. அந்த இடத்தில் அடுத்த போகத்துக்கு மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் தவிர்த்து, செண்டுமல்லி நடலாம். வேப்பம் பிண்ணாக்கும் உதவும்.

ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி சவலை என்றால் நாற்றையும் பூச்சியையும் சந்தேகியுங்கள். நாற்றங்காலில் நெருக்கத்தில் வளர்ந்த நாற்று பின்தங்கும். வீரிய ஒட்டு ரகக் காயிலிருந்து எடுத்த விதையும் ஒரே மாதிரி வளராது.

இலை சுருண்டிருந்தால், எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். வெள்ளைத்தாளின் மேல் நுனிக்கிளையைத் தட்டினால் மஞ்சள் துணுக்குகள் ஊர்வது தெரியும். கீழ்நோக்கி வளைந்து இலைக்காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. அதைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இரண்டுக்கும் சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெயை மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். இலை சிறுத்துக் கொத்தாகி, செடியே குட்டையானால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, பிடுங்கிவிட வேண்டும்.

தழைச்சத்துக் குறை என்றால் பொதுவாகப் பாத்தி முழுவதும் அடி இலை வெளுக்கும். சில செடிகள் மட்டும் பின்தங்கும்போது யூரியா போட்டால், நல்ல செடியிலும் இளந்தழை மிகுந்து சாறு உறிஞ்சும் பூச்சி பெருகும். ஆகவே முதலில் இடம், அடுத்து இலை, கடைசியில் வேர் என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் உரப்பையைத் தொடுங்கள்.