உலகிற்கு நிறம் சொன்ன பதினேழு பேர்

கடையின் விளக்கொளியில் பார்க்கும்போது புடவைக்கும் ரவிக்கைத் துணிக்கும் நிறம் அச்சாகப் பொருந்தியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தால் இரண்டும் வேறுவேறாகத் தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சினங்கொள்வதும் உண்டு. அனுபவமுள்ள தாய்மார்களோ துணியைக் கடைவாசலுக்கு எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

அவ்வாறாயின், நிறம் எங்கே இருக்கிறது? துணியிலா, அதன்மீது விழும் ஒளியிலா, அல்லது அதைக் காணும் கண்ணிலா? இந்த வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் இயற்பியல் அறிஞரைப் பற்றி வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. அவர் பெயர் வில்லியம் டேவிட் ரைட். 1906ஆம் ஆண்டு பிறந்து 1997இல் மறைந்த ஆங்கிலேயர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் நெடுங்காலம் ஒளியியல் போதித்த பேராசிரியர்.

ரைட்டுக்கு முன்னர்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர் பலர் கருதி வந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்று பதினோராம் நூற்றாண்டில் சான்றுகளுடன் நிறுவியவர் இப்னுல் ஹைதம். தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில், பல வண்ணங்கள் தீட்டிய பம்பரத்தைச் சுழற்றினால் அவை கலந்து ஒரே நிறமாகத் தோன்றுவதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார்.

பின்னர் நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியின் வழியே வெண்ணிற ஒளியை வானவில்லின் நிறங்களாகப் பிரித்துக் காட்டினார். ஒளிக்கதிருக்கு நிறம் இல்லை, நிற உணர்வை எழுப்பும் ஆற்றலே உண்டு என்றும் அவர் தெளிவுபடுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங், கண்ணில் மூவகை உணர்வுப் பொறிகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைத் தக்க அளவில் கலந்து பிற நிறங்களை உண்டாக்கும் கணக்கை மாக்ஸ்வெல் 1850களில் வகுத்தார்.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. மூன்றையும் எந்த அளவில் கலந்தால் எந்த நிறம் வரும்? இதனை உலகம் ஒப்புக்கொள்ளும்படி அளந்து சொன்னவர் எவருமில்லை. சாய ஆலையின் சிவப்பு ஒன்று. அச்சகத்தின் சிவப்பு வேறொன்று. இரயில்வே சமிக்ஞை விளக்கின் சிவப்புக்கேனும் ஐயத்திற்கிடமில்லாத வரையறை வேண்டாமா?

சாளரத்தின் முன் பத்துப் பேர்

1920களின் இறுதியில், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இளைஞராக இருந்த ரைட் இப்பணியைக் கையிலெடுத்தார். அவர் அமைத்த கருவியின் நோக்குத்துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால் சின்னஞ்சிறிய சாளரம் ஒன்று தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் நம் கட்டைவிரல் நகம் எவ்வளவு தெரியுமோ ஏறத்தாழ அவ்வளவே அதன் அளவு. அச்சாளரம் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பாதியில், வானவில்லிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை நிறக்கதிர். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. இரு பாதிக்கும் இடையே வேறுபாடே தெரியாதவாறு மூன்றின் அளவுகளையும் கூட்டியும் குறைத்தும் பொருத்த வேண்டும். பொருந்தியதும் அளவுகளைக் குறித்துக்கொண்டு அடுத்த கதிருக்குச் செல்ல வேண்டும். பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கோ மலைபோன்ற பொறுமை தேவை.

இவ்வாறு பத்துப் பேரின் கண்களை ரைட் சோதித்தார். அப்போது வியப்பான ஓர் உண்மை புலப்பட்டது. நீலப்பச்சை போன்ற சில வானவில் நிறங்களை மூன்று ஒளிகளையும் எப்படிக் கலந்தாலும் எட்ட முடியாது. கலவை எப்போதும் சற்று வெளிறியே நிற்கும். அந்நிலையில் சிறிதளவு சிவப்பை எடுத்து எதிர்ப்பாதியில் சேர்த்தால்தான் இரண்டும் பொருந்தும். கணக்கில் அச்சிவப்புக்குக் கழித்தல் குறி இடவேண்டும். மூவண்ண ஒளியால் இயங்கும் தொலைக்காட்சித் திரை, இயற்கையில் உள்ள எல்லா நிறங்களையும் முழுமையாகக் காட்ட இயலாமைக்கும் இதுவே காரணம்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மனித விழித்திரையின் நடுப்பகுதியில் இயல்பாகவே மெல்லிய மஞ்சள் சாயம் படிந்துள்ளது. அதன் அடர்த்தி ஆளுக்கு ஆள் வேறுபடும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லையும் மஞ்சளித்துப் போகிறது. ஆகவே நாம் ஒவ்வொருவரும் உலகைச் சற்றே வேறுபட்ட மஞ்சள் கண்ணாடியின் வழியாகத்தான் காண்கிறோம் எனலாம். ரைட் தம் அளவைமுறையைத் திறமையாக அமைத்து, இந்த வேறுபாட்டைக் கணக்கிலிருந்து விலக்கினார். அதன்பின் பார்த்தால் பத்துப் பேரின் முடிவுகளும் நெருங்கி நின்றன.

இரு சாட்சியங்கள் ஒன்றுபட்டன

இதே வேளையில் இலண்டனை அடுத்த டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், ஜான் கில்டு என்பவர் வேறொரு கருவியைக் கொண்டு ஏழு பேரின் கண்களை அளந்திருந்தார். கருவி வேறு, அடிப்படையாகக் கொண்ட மூன்று ஒளிகளும் வேறு, பார்த்தவர்களும் வேறு. இரு தரப்பு முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றி ஒப்பிட்டபோது, அவை வியக்கத்தக்க அளவில் ஒத்திருந்தன!

ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 1931ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடியது. அந்தப் பத்தும் ஏழுமாகிய பதினேழு பேரின் அளவுகளை அடிப்படையாகக் கொண்டு ‘நியமப் பார்வையாளர்’ என்னும் கற்பனை மனிதர் ஒருவரை அது நிறுவியது. ஒரு நிறம் எது என்பதை எண்களால் எழுத அன்று வழி பிறந்தது. சாயம், அச்சு, வண்ணப்பூச்சு, சமிக்ஞை விளக்கு ஆகிய தொழில்கள் அதனைப் பின்பற்றலாயின. 1964இல் அகன்ற பார்வைப் பரப்புக்கென, பிரிட்டனிலும் சோவியத் நாட்டிலும் செய்யப்பட்ட புதிய அளவைகளைக் கொண்டு மற்றொரு நியமம் வகுக்கப்பட்டது. ஆயினும் 1931ஆம் ஆண்டின் நியமம் கைவிடப்படவில்லை. 1996இல் கணினித் திரைகளுக்கென வகுக்கப்பட்ட பொது நிறத் தரமும் அதன்மீதே எழுந்தது. உங்கள் கையிலுள்ள கைப்பேசித் திரையின் நிறங்களுக்கும் பெயர் தெரியாத அந்தப் பதினேழு பேரின் கண்களே சாட்சி!

புடவை, ரவிக்கைத் துணியின் புதிரும் இங்கே விடுபடுகிறது. கண்ணுக்குத் தெரிவது மூன்று அளவுகள் மட்டுமே. இரு துணிகள் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பினாலும், ஒரு விளக்கின் கீழ் அம்மூன்று அளவுகளும் ஒத்துப்போய்விடலாம். விளக்கு மாறியதும் ஒற்றுமையும் குலைந்துவிடுகிறது. கடைக்காரர் மீது குற்றமில்லை.

வேறுவிதமாகக் காண்பவர்கள்

இயல்பான பார்வையை அளந்ததோடு ரைட் நின்றுவிடவில்லை. நிறப்பார்வைக் குறை உடையவர்களையும் அதே கருவியின் முன் அமர்த்தி, அவர்கள் காண்பது என்ன என்பதைப் பொறுமையுடன் அளந்தார். 1946இல் வெளிவந்த அவரது ஆய்வு நூல் இயல்பான பார்வை, குறையுள்ள பார்வை இரண்டையும் ஒருசேர ஆராய்வதாகும்.

நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஒருவகைக் குறை மிக அரிதானது. அத்தகையோரை எங்கே தேடுவது? 1950களின் தொடக்கத்தில் ரைட் ஒரு வழி கண்டார். பிரிட்டனில் இலட்சக்கணக்கானோர் வாசித்து வந்த ‘பிக்சர் போஸ்ட்’ என்னும் வார இதழில் வண்ணப் புள்ளிகளாலான சோதனைப் படம் ஒன்றை வெளியிடச் செய்தார். வீடுகளில் இருந்தபடியே வாசகர்கள் தம்மைச் சோதித்துக்கொண்டு எழுதினர். அவர்களைக் கொண்டே அக்குறையின் இயல்பை ரைட் 1952இல் விளக்கினார். பதின்மூவாயிரம் பேர் முதல் அறுபத்தையாயிரம் பேர் வரையிலானோரில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்.

சிவப்பு பச்சைக் குறையோ அவ்வளவு அரிதன்று. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும், பெண்களில் சுமார் அரை விழுக்காட்டினருக்கும் அது உண்டு. ஏனைய மக்களிடையே சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது. இதனை ‘நிறக்குருடு’ என்பது பொருந்தாத சொல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கின்றனர். சிலவற்றைப் பிரித்தறிவதில் மட்டுமே இடர்ப்படுகின்றனர்.

பெற்றோரின் கவனத்திற்கு

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். மரத்தின் இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டிய சிறுவனை ஆசிரியர் அதட்டுகிறார். பழுத்த தக்காளியைப் பறித்துவரச் சொன்னால் காயைப் பறித்து வந்த பிள்ளையைத் தாய் கடிந்துகொள்கிறாள். தனக்குத் தெரிந்ததையே உண்மையாகச் சொன்ன குழந்தைக்குப் பொய்யன், சோம்பேறி என்னும் பெயர் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அக்குழந்தை வாய் திறப்பதில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்கிறது. ஆசிரியப் பணியில் உள்ள நாங்கள் இதனை முதலில் உணரவேண்டும்.

இக்குறை பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது; தாய்வழியே மகனை வந்தடைவது. தாய்க்குப் பார்வை செவ்வையாக இருந்தும் அவள் வழியாக மகனுக்கு வரலாம். அத்தகைய தாயின் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. கருவுற்றபோது உண்ட உணவோ செய்த செயலோ இதற்குக் காரணமல்ல. மருமகளைக் குறைகூறுவதற்கு இதில் கடுகளவும் இடமில்லை என்பதை மாமியார்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பிறவியில் அமைந்த இக்குறையைக் கண்ணில் விடும் மருந்தால் போக்க முடியாது. வண்ணக் கண்ணாடி அணிந்தாலும் இழந்த உணர்வுப் பொறி திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே விளம்பரங்களை நம்பிப் பொருளை இழக்க வேண்டாம். செய்யத்தக்கது ஒன்றே: ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு கண் மருத்துவர்கள் சில நிமிடங்களில் செய்யும் சோதனைக்குப் பிள்ளைகளை இளமையிலேயே உட்படுத்துங்கள். இரயில் ஓட்டுவது, விமானம் ஓட்டுவது போன்ற பணிகளுக்கு நிறப்பார்வை இன்றியமையாதது. பல்லாண்டு கனவு கண்டு, மருத்துவச் சோதனையன்று மனமுடைவதைவிட முன்னரே அறிந்து வேறு துறையைத் தேர்ந்துகொள்வது மேலல்லவா? அவர்களுக்குத் திறந்திருக்கும் துறைகளே மிகுதி. பள்ளியிலும் தெரிவித்துவிட்டால், வரைபடத்தில் நிறத்தோடு பெயரையும் எழுதிக் காட்ட ஆசிரியரால் இயலும்.

உலகின் நிறங்களுக்கு நியமம் வகுத்தவர்கள், ஒவ்வொருவரிடமும் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். அந்நியமமும் பதினேழு பேரின் நேர்மையான சாட்சியத்தின் சராசரியே. அடுத்தமுறை உங்கள் பிள்ளை பச்சையைப் பழுப்பு என்று சொன்னால் கையை ஓங்காதீர்கள். அருகில் அமர்த்தி, “உனக்கு எப்படித் தெரிகிறது, சொல்லம்மா” என்று கேளுங்கள்.