பற்றாக்குறைக் காலத்தில் மின்சாரத்தின் விலை

ஒரு பண்டம் அருகினால் அதன் விலை ஏறும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மழை மிகுந்து வெங்காயம் அழுகிப் போன ஆண்டில் மண்டியில் அதன் விலை என்னவாயிற்று என்பதை எந்த இல்லத்தரசிக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விலை ஏறியதும் வாங்குவோர் சற்றுக் குறைத்து வாங்குகின்றனர். இருப்பு வைத்திருப்போர் கிடங்கைத் திறக்கின்றனர். அடுத்த பருவத்தில் உழவர் கூடுதலாகப் பயிரிடுகின்றனர். இம்மூன்றும் ஒன்று சேர்ந்து பற்றாக்குறையைப் போக்குகின்றன. மின்சாரமும் இன்று நம் நாட்டில் சந்தையில் விலை கூறி விற்கப்படும் பண்டமாகிவிட்டது. ஆயினும், வெங்காயத்துக்குப் பொருந்தும் நியதி மின்சாரத்துக்கும் பொருந்துமா? மின்சாரம் போதாத கோடை நாளில் அதன் விலையை ஏறவிடுவது நன்றா, அன்றி அதற்கு ஓர் உச்சவரம்பு கட்டுவது நன்றா? இவ்வினாவையே ஈண்டு ஆராய்வோம்.

முதலில் இப்பண்டத்தின் இயல்பை உணர்தல் வேண்டும். மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்கி வைத்தல் இயலாது. மின்கலங்களிலும், நீரை மேலே ஏற்றி வைக்கும் அணைகளிலும் ஓரளவு சேமிக்கலாம் என்பது உண்மையே; நாட்டின் மொத்தத் தேவைக்கு அது மிகச் சிறிய அளவு. ஆகவே ஒவ்வொரு நொடியிலும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாதல் வேண்டும். இச்சமநிலை பிறழ்ந்து செலவு மிகுந்தால், மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்னும் அளவிலிருந்து கீழே இறங்கும். அளவு மீறி இறங்கினால் மின்தொடர் முழுவதுமே நிலைகுலையக்கூடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்தியாவின் மின்தொடர் வீழ்ந்ததையும், இரண்டாம் நாளில் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளும் சேர்ந்து இருண்டு அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்ததையும் நாடு மறந்துவிடவில்லை. அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்ததும் அவ்வீழ்ச்சியின் காரணங்களுள் ஒன்றாகும்.

வெங்காயம் இல்லையெனில் ஒரு வீட்டின் குழம்பு மட்டுமே சுவை குன்றும். மின்சாரம் போதவில்லையெனில் யாரேனும் சிலரை உடனடியாகத் துண்டித்தாக வேண்டும், இல்லாவிடில் எல்லாரும் இருளில் மூழ்குவர். பற்றாக்குறைக் காலத்தில் மின்சாரத்துக்கு இடப்படும் விலை, உண்மையில் 'யாரைத் துண்டிப்பது?' என்னும் வினாவுக்கு அளிக்கப்படும் ஒரு விடையே.

முன்னாளில் இவ்வினாவுக்கு விடையளித்தது விலை அன்று, ஆணை. 1948ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டத்தின்படி அமைந்த மாநில மின்சார வாரியங்கள், தட்டுப்பாடு வந்த காலத்தில் ஆலைகளுக்கு இத்தனை விழுக்காடு வெட்டு, ஊர்களுக்கு இத்தனை மணி நேரம் வெட்டு என்று பங்கீடு செய்தன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சந்தைக்கு வழி திறந்தது. 2008 ஜூன் மாதத்தில் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் என்னும் மின் பரிவர்த்தனை நிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. மின்சாரத்தை நேரடியாக மக்களுக்கு அளிக்கும் பகிர்மான நிறுவனங்கள் தம் தேவையின் பெரும்பகுதியை நெடுங்கால ஒப்பந்தங்களின் மூலமே பெறுகின்றன. நாட்டில் செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே இச்சந்தையில் கைமாறுகிறது. ஆனால் பற்றாக்குறை நாளில் தேடி அலைய வேண்டியிருப்பது அந்தக் கடைசிப் பங்கைத்தான்.

இச்சந்தையில் விலை எவ்வாறு முடிவாகிறது? மறுநாளின் 24 மணி நேரமும் 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறுக்கும், விற்போர் தாம் ஏற்கும் குறைந்த விலையையும், வாங்குவோர் தாம் தரக்கூடிய உயர்ந்த விலையையும், ஒருவர் கூறியது மற்றவருக்குத் தெரியாதவாறு பதிவு செய்கின்றனர். குறைந்த விலை கேட்டவர் முதலாக விற்போர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். வாங்குவோரின் தேவை எவரிடத்தில் நிறைவு பெறுகிறதோ, அந்தக் கடைசி விற்பனையாளர் கேட்ட விலையே எல்லாருக்கும் உரிய ஒரே விலையாகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் அமைத்துக் கொண்டவை. 100 யூனிட்டை 2 ரூபாய்க்கும், வேறு 100 யூனிட்டை 3 ரூபாய்க்கும், இன்னும் 100 யூனிட்டை 5 ரூபாய்க்கும் தர மூவர் முன்வருகின்றனர். இறக்குமதி நிலக்கரியை எரிப்பவர் 50 யூனிட்டை 9 ரூபாய்க்குத் தருவார். எரிவாயு நிலையத்தார் 20 யூனிட்டை 14 ரூபாய்க்குத் தருவார். தேவை 300 யூனிட்டாக இருந்தால் விலை 5 ரூபாய். மொத்தச் செலவு 1,500 ரூபாய். தேவை 340 ஆக உயர்ந்தால் விலை 9 ரூபாய் ஆகிறது. மொத்தச் செலவு 3,060 ரூபாய். அதாவது, தேவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மிகுந்ததும் செலவு இரு மடங்காகிவிடுகிறது. பற்றாக்குறையின் கொடுமை இதுவே: கடைசியில் வேண்டப்படும் சில யூனிட்டுகள் எல்லா யூனிட்டுகளின் விலையையும் தம்மோடு மேலே இழுத்துச் செல்கின்றன.

2 ரூபாய்க்குத் தரத் தயாராயிருந்தவருக்கு 9 ரூபாய் ஏன் கொடுக்க வேண்டும், அவரவர் கேட்டதையே அவரவருக்குக் கொடுத்தால் என்ன, என்று சிலர் வினவலாம். அவ்வாறு விதித்தால் எவரும் உண்மையான விலையைக் கூறமாட்டார். கடைசி விலை என்னவாயிருக்கும் என்று ஊகித்து அதையொட்டியே கேட்பர். ஒரே விலை என்னும் முறையில் தன் அடக்கச் செலவைக் கூறுவதே ஒருவருக்கு நன்மை பயக்கும். சாதாரண நாட்களில் இம்முறை செம்மையாகவே நடைபெறுகிறது. இடர் தோன்றுவது, விற்போர் வரிசை முடிந்த பின்னும் வாங்குவோர் வரிசை முடியாத நாளில்.

மேற்கூறிய எடுத்துக்காட்டில் மொத்தம் உள்ளது 370 யூனிட்டு. தேவை 380 என்று கொள்வோம். விலை 14 ரூபாயோடு நிற்காது. யாரேனும் 10 யூனிட்டைக் கைவிடும் வரையில் அது ஏறிக்கொண்டே போகும். ஐம்பது ரூபாய் ஆனாலும் அந்த நேரத்தில் 371ஆம் யூனிட்டு பிறக்கப் போவதில்லை. அந்நிலையில் விலையால் செய்யக்கூடியது ஒன்றே: விட்டுக்கொடுப்பவர் யார் என்று தீர்மானிப்பது. பொருள் மிக்க நிறுவனம் பெறும். கடனில் மூழ்கிய நிறுவனம் விலகும். விலகியவரின் பகுதியில் விளக்கு அணையும்.

இந்நிலை வெறும் கற்பனையன்று. 2021 அக்டோபரில் சுரங்கப் பகுதிகளில் பெய்த கனமழையாலும், அயல்நாட்டு நிலக்கரியின் விலையேற்றத்தாலும், அனல் மின் நிலையங்களின் இருப்பு சராசரியாக நான்கு நாட்களுக்கே போதுமான அளவுக்குக் குறைந்தபோது, சந்தை விலை சில வேளைகளில் யூனிட்டுக்கு 20 ரூபாயை எட்டியது. 2022ஆம் ஆண்டு நிலை மேலும் கடுமையாயிற்று. அவ்வாண்டின் மார்ச் மாதம், 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களுள் இந்தியாவில் மிக வெப்பமானதாக அமைந்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் எரிபொருள் விலை உயர்ந்தது. மீண்டும் 20 ரூபாய் விலை தோன்றியது. நிலக்கரி வண்டிகளுக்கு வழிவிடும் பொருட்டுப் பயணிகள் ரயில்கள் பல நிறுத்தப்பட்டன.

இத்தகைய வேளைகளில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. மழை பொய்த்த 2009ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் மாதத்தில், அது 8 ரூபாய் உச்சவரம்பைச் சிறிது காலத்துக்கு விதித்ததுண்டு. 2022 ஏப்ரல் 1 அன்று 12 ரூபாய் என்று வரம்பு கட்டியது; 2023 ஏப்ரலில் அதனை 10 ரூபாயாகக் குறைத்தது. இதற்கு வலுவான காரணம் உண்டு. 5 ரூபாய் அடக்கமுள்ள மின்சாரத்தை 20 ரூபாய்க்கு விற்பது புதிய உற்பத்தி எதனையும் உடனே கொண்டுவருவதில்லை. வாங்கும் நிறுவனத்தின் கடனையே பெருக்குகிறது. மக்களிடம் அந்நிறுவனம் பெறும் கட்டணத்தை மாநில ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறது. வாங்கும் விலை மட்டும் தடையின்றி ஏறி, விற்கும் விலை அசையாது நின்றால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் கண்டது. சிலர் உற்பத்தியை மறைத்து வைத்து விலையை ஏற்றினர். அங்குள்ள மாபெரும் மின் நிறுவனம் ஒன்று 2001 ஏப்ரலில் திவால் மனுக் கொடுக்க நேர்ந்தது.

ஆனால் உச்சவரம்புக்கும் ஒரு விலை உண்டு. நம் எடுத்துக்காட்டில் 12 ரூபாய் வரம்பு விதித்தால், 14 ரூபாய் கேட்கும் எரிவாயு நிலையம் விலகிவிடும். 370 யூனிட்டு 350 ஆகிவிடும். 380 கேட்ட வாங்குவோர் அனைவரும் ஒரே வரம்பு விலையைத்தான் கூற முடியும். ஆகவே உள்ளதை விகிதப்படி பகிர்ந்தளிப்பர். ஒவ்வொருவருக்கும் கேட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கே கிட்டும். பற்றாக்குறை 10 யூனிட்டிலிருந்து 30 யூனிட்டாக வளர்ந்துவிட்டது. கொள்ளை தடுக்கப்பட்டது, விளக்கு எரியவில்லை.

2022 ஏப்ரலில் உண்மையில் நடந்ததும் இதுவே. சந்தையில் கேட்கப்பட்ட மின்சாரம் விற்பனைக்கு வந்ததைப் பெரிதும் விஞ்சியது. பணம் கொடுக்க இசைந்தும் மின்சாரம் கிட்டாத மாநிலங்கள் பழைய முறைக்கே திரும்பின. ஆந்திர அரசு, வீடுகளையும் வேளாண்மையையும் காக்கும் பொருட்டு, ஆலைகளின் மின்சாரத்தைக் குறைத்து, வார விடுமுறையும் விதித்தது. மே 5 அன்று மத்திய அரசு சட்டத்தின் 11ஆம் பிரிவைக் கையாண்டு, இறக்குமதி நிலக்கரியில் இயங்கும் நிலையங்கள் யாவும் முழு அளவில் உற்பத்தி செய்ய வேண்டுமென ஆணையிட்டது. செலவுக்குக் கட்டுப்படியாகாததால் அவற்றுட் பல அதுவரை முடங்கிக் கிடந்தன. பின்னர் 2023 மார்ச்சில், எரிவாயு, இறக்குமதி நிலக்கரி, மின்கலச் சேமிப்பு ஆகிய செலவு மிக்க வழிகளுக்கெனத் தனியாக ஓர் உயர்விலைச் சந்தை ஏற்பட்டது. அதன் வரம்பு முதலில் 50 ரூபாய். விரைவில் அது 20 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. விலை மிக்க யூனிட்டு தன் விலையைப் பெறட்டும், மற்ற யூனிட்டுகளின் விலையை அது உயர்த்தாதிருக்கட்டும் என்பதே இதன் கருத்து.

பற்றாக்குறை சில வேளை மின்சாரத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னாட்டு மின்தொடர் ஏனைய இந்தியாவோடு ஒருங்கே இணைக்கப்பட்டது. அதற்கு முன்னர் வடக்கிலிருந்து மின்சாரம் வருவதற்கான வழி குறுகலாயிருந்தது. அதனால் ஒரே சந்தையில், ஒரே நேரத்தில், தெற்கே விலை தனியாக ஏறி நின்றது. தமிழகம் நீண்ட மின்வெட்டால் வருந்திய ஆண்டுகள் அவை. அங்கே விலை உரைத்த செய்தி தெளிவானது: 'நிலக்கரியை அன்று, பாதையை அமையுங்கள்' என்பதே அது. விலை ஒரு தூதன். தூதனை அடிப்பதால் செய்தி மாறிவிடாது. ஆனால் தூதன் சொன்னதைக் கேட்டுச் செய்து முடிக்க ஆண்டுகள் பல ஆகும். அதுவரையில் துன்பத்தைத் தாங்குவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலையின் தூது நம் வீடுகளுக்கு வந்து சேர்வதில்லை என்பது மற்றொரு குறை. சந்தையில் யூனிட்டு 10 ரூபாய் விற்கும் மாலை ஏழு மணிக்கும், மிக மலிவாய் விற்கும் நண்பகலுக்கும் நாம் செலுத்தும் கட்டணம் ஒன்றாகவே இருப்பின், குறைத்துச் செலவிட நமக்கு எத்தூண்டுதலும் இல்லை. 2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் இதனை மாற்ற முற்பட்டன. வெயில் நேரத்தில் குறைந்த கட்டணமும், உச்ச நேரத்தில் மிகுந்த கட்டணமும் விதிக்க அவை வழி செய்தன; வேளாண்மைக்கு மட்டும் விலக்கு உண்டு. சூரிய மின்சாரம் பெருகிய இந்நாளில் இதன் பொருத்தம் மிகுதி. 2024 மே 30 அன்று நாட்டின் தேவை இரண்டரை லட்சம் மெகாவாட்டை எட்டியது; பகற்பொழுதில் சூரியன் பேருதவி புரிந்தது. கதிரவன் மறைந்த பின்னரே தட்டுப்பாடு தலைகாட்டுகிறது. பகலின் மிகையை இரவுக்குக் கொண்டு செல்ல மின்கலங்களும், மேற்கு வங்கத்தின் புருலியா, தமிழகத்தின் கடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்களும் இன்னும் பல வேண்டும்.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பற்றாக்குறை வந்த பின் விலையை ஏறவிட்டால், வலியவர் பெறுவர், எளியவர் இழப்பர். வரம்பு கட்டினால் சூறையாடல் நிற்கும், ஆனால் இருள் சற்றுப் பெருகும். இரண்டுமே இருப்பதைப் பங்கிடும் வழிகள்; இல்லாததை உண்டாக்கும் வழிகள் அல்ல. பெருந்துயர் வந்த நாளில் வரம்பு கட்டுவதை நாம் குறை கூறமாட்டோம். பொதுமக்களின் பணத்தைக் காப்பது அரசின் கடமை. ஆனால் அதனையே நிலையான மருந்தாகக் கொண்டுவிடலாகாது. மழைக்கு முன் நிலக்கரியைச் சேர்த்து வைத்தலும், கோடைக்கு முன் ஒப்பந்தங்களைச் செய்துகொள்ளுதலும், பாதைகளையும் சேமிப்பையும் பெருக்குதலும், பகிர்மான நிறுவனங்கள் கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுத்தலுமே உண்மையான மருந்து. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.

சந்தையின் ஏட்டில் 10 ரூபாய் என்றும் 12 ரூபாய் என்றும் எழுதப்படும் விலை நமக்குத் தெரிகிறது. ஏட்டில் ஏறாத விலை ஒன்றும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை எதிர்நோக்கி நள்ளிரவில் கிணற்றடியில் காத்திருக்கும் உழவர், பாதியில் நின்ற தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளி, விளக்கின்றிப் பாடம் படிக்கும் சிறுவன் ஆகியோர் செலுத்தும் விலை அது. மின்சாரத்துக்கு உச்சவரம்பு விதிப்போர் ஒவ்வொரு முறையும் அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிடுவார்களாயின், அவர்கள் எடுக்கும் முடிவு நாட்டுக்கு நலம் பயப்பதாகும்.