பொறுத்திருந்த எட்டுத் திங்கள்

பாரதப் போரிற் பெருஞ்சோறு வழங்கினான் எனப் பாடப்பெற்ற சேரமான் உதியஞ்சேரலாதனை, இருதிறப் படைக்கும் உணவளித்து எத்திறத்துஞ் சேராதிருந்த வேந்தனாகக் கொள்வதுண்டு. அதே போரிற் பலராமன் தீர்த்த யாத்திரை போயினான். இக்கால அரசுகளுக்கு இவ்வாறு ஒதுங்கி நிற்றல் எளிதன்று. எவ்வணியிலுஞ் சேராமையைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்த இந்தியா, 1971ஆம் ஆண்டில், தன் எல்லைக்கப்பால் மூண்ட போரிற் புக எட்டுத் திங்கள் தாமதித்தது. அத்தாமதத்தின் காரணம் ஆராயத்தக்கது.

1970 டிசெம்பரில் நடைபெற்ற பாகிஸ்தான் பொதுத்தேர்தலில், கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளுள் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கைப்பற்றியது. நாடு முழுவதற்கும் அதுவே பெரும்பான்மையாயிற்று. ஆட்சி கைமாறவில்லை. 1971 மார்ச் 25ஆம் நாளிரவு டாக்கா நகர்மீது இராணுவம் ஏவப்பட்டது. மக்கள் எல்லை கடந்து இந்தியாவுட் புகுந்தனர். மார்ச் 31ஆம் நாள் இந்தியப் பாராளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு அனுதாபமும் ஆதரவுந் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. உடனே படை செல்லவேண்டுமென்றும், புதிய நாட்டை அங்கீகரிக்கவேண்டுமென்றும் குரல்கள் எழுந்தன. அரசு இரண்டையுஞ் செய்யவில்லை.

படைத்தலைவர் சாம் மானெக்‌ஷா ஏப்பிரிலில் மந்திரிசபை முன்னிலையில் அப்போதைக்குப் போர் இயலாது என மறுத்துரைத்ததாகப் பிற்காலத்தில் தாமே கூறினார். பலரும் விரும்பிச் சொல்லுங் கதை அது. ஆயின், பிரதமர் இந்திரா காந்தியும் அவர்தம் ஆலோசகரும் அந்நாளிலேயே உடனடிப் போரை நாடவில்லை என்பதை அண்மைக்கால ஆய்வாளர் ஆவணங்கொண்டு காட்டுவர். ஒருவர் தடுக்க மற்றவர் அடங்கினார் என்பதினும், இருவரும் ஒரே கணக்கையே போட்டனர் என்பது பொருந்தும்.

அக்கணக்கில் முதலில் நின்றது மழை. அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண், பெய்த நீரைக் கீழுள்ள சுண்ணக்கல்லுக்குள் விரைவில் இறக்கிவிடும்; எத்துணை மழை பெய்தாலும் சில நாளில் தோட்டத்திற் கால் வைக்கலாம். வங்கத்து வண்டல் நிலம் அத்தகையதன்று. பத்மா, ஜமுனா, மேக்னா என்னும் பேராறுகள் கூடும் அந்நிலத்தில், யூன் முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யுங்காலத்தில், ஆறு எது வயல் எது என்று தெரியாது. தாங்கிகள் சேற்றிற் புதையும்; பாலம் அமைத்தற்குக் கரை அகப்படாது. யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கும் ஐப்பசி கார்த்திகையிலேதான் வங்கத்தில் நிலம் உலரும்.

இரண்டாவது, வடக்கு எல்லை. 1962ஆம் ஆண்டுத் தோல்வி மறக்கப்படவில்லை. கிழக்கே போர் நிகழுங்கால் சீனா இமயமலைக் கணவாய்கள் வழியாக இறங்கினால் இருமுனையிலும் பொரவேண்டிவரும். பனி மூடிய பின்னரே அங்குள்ள படைகளிற் சிலவற்றைக் கிழக்கே திருப்பமுடியும். ஆகவே, ஆற்றுநிலம் உலர்வதும் மலைவழி அடைபடுவதும் ஒருங்கே நிகழும் காலம் ஒன்றே இருந்தது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

மூன்றாவது காரணம் உலகின் மனம். ஏப்பிரிலிற் படை புகுந்திருந்தால், அயல்நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட்ட குற்றமே நிலைத்திருக்கும். யூலையில் அமெரிக்க ஆலோசகர் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகச் சீனா சென்று மீண்டார். வாஷிங்டனும் பீக்கிங்கும் நெருங்குவதைக் கண்ட டில்லி, ஆகஸ்ட் 9ஆம் நாள் சோவியத் நாட்டுடன் இருபதாண்டு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. அணிசேராமைக்கு இது இழுக்கா என்ற வினாவுக்கு, இல்லை என்று உறுதியாக விடையளித்தல் அரிது. ஆயினும் டிசெம்பரிற் பாதுகாப்புச் சபையிற் போர்நிறுத்தத் தீர்மானங்களைத் தடுத்தது சோவியத் வீற்றோவே. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்திரா காந்தி மேலைநாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று நிலைமையை எடுத்துரைத்தார். நிக்சனின் மனம் மாறவில்லை. ஆனால் அமைதிவழி நாடப்படவில்லை என்று எவருஞ் சொல்ல இயலாதாயிற்று.

இந்நடுநிலையின் இடர் இலங்கைக்கும் அவ்வாண்டே புலப்பட்டது. 1971 பெப்ரவரியில் இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடவே, அவை தெற்கே சுற்றிவந்து கட்டுநாயக்காவில் எரிபொருள் நிரப்பின. ஏப்பிரிற் கிளர்ச்சியின்போது இலங்கைக்கு உதவிய நாடுகளுள் இந்தியாவும் பாகிஸ்தானும் அடங்கும். இருவரிடமும் உதவி பெற்ற சிறுநாடு எவரைப் பகைக்கும்?

தாமதத்திற்குரிய விலையைக் கொடுத்தவர் வேறு. ஆண்டிறுதியில் அகதிகள் தொகை ஏறக்குறைய ஒரு கோடியாயிற்று. திரிபுராவில் வந்தோர் தொகை உள்ளூர் மக்கள்தொகையை நெருங்கியது. முகாம்களில் வாந்திபேதி பரவிப் பலர் மாண்டனர். உப்பும் சீனியுங் கரைத்த நீரைப் பருகச்செய்து டாக்டர் திலீப் மகலனாபிஸ் பல உயிர்களைக் காத்தது அவ்வேளையிலேதான். எல்லைக்கப்பால் நிகழ்ந்த கொலைகளோ நவம்பர் வரை காத்திருக்கவில்லை. படைத்துறையின் கணக்குச் சரியாயிருந்தது என்போர் இதனையும் உடன்வைத்தே எண்ணவேண்டும்.

எந்நாளில் இந்தியா போரிற் புகுந்தது? டிசெம்பர் 3ஆம் நாள் மாலை, பாகிஸ்தான் விமானங்கள் மேற்கிந்திய விமானத்தளங்களைத் தாக்கியபோது என்பது வழக்கமான விடை. ஆனால் நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே இந்தியப் படைகள் கிழக்கெல்லை கடந்து மோதின. அதற்கும் பல திங்கள் முன்னரே முக்தி வாகினிக்கு இந்திய மண்ணிற் பயிற்சியும் படைக்கலமும் கிடைத்துவந்தன. புதிய அரசின் தலைவர்கள் கல்கத்தாவிலிருந்தே இயங்கினர். போரிற் புகாதிருத்தல் வேறு, நடுநிற்றல் வேறு. முன்னையது டிசெம்பர் வரை நீடித்தது. பின்னையது வசந்தத்திலேயே கழிந்துவிட்டது. அங்கீகாரம் மட்டும் டிசெம்பர் 6ஆம் நாள் வரை பிடித்துவைக்கப்பட்டது. பத்து நாட்கழித்து, டிசெம்பர் 16ஆம் நாள், டாக்காவில் ஜெனரல் நியாசி சரணாகதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். 1972 மார்ச்சில் இந்தியப் படைகள் அந்நகரில் விடைபெற்று மீண்டன; அதற்குள் அகதிகளிற் பெரும்பாலோர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர்.