பற்றுரிமையும் உழைப்பும்: திருத்துமிடத்தில் நிற்கும் வாகனம் பற்றி ஒரு குறிப்பு

ஒருவர் தமக்குச் சொந்தமான பொருளைத் தாமே திருட முடியுமா? வினா விநோதமாகத் தோன்றினும் சட்டம் இதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கூறியுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுதி, திருட்டினை வரையறுத்த 378ஆம் பிரிவிலே, கடிகாரம் திருத்துபவர் ஒருவரை உதாரணமாகக் காட்டியது. திருத்தக் கூலிக்குப் பிணையாக அவர் சட்டப்படி வைத்திருக்கும் கடிகாரத்தை, அப்பிணையை இல்லாதாக்கும் எண்ணத்துடன் சொந்தக்காரர் எடுத்துச் செல்வாராயின் அது திருட்டே. கடன் எதுவுமில்லாதவிடத்து எடுத்துச் சென்றால் அது திருட்டன்று. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியத் தொகுதியை அடியொற்றி ஆக்கப்பட்டதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இங்கிலாந்திலே 1971இல் தீர்ப்பான டர்னர் வழக்கில், கராச் வாசலில் நிறுத்தப்பட்டிருந்த தமது காரைக் கூலி செலுத்தாது மற்றொரு சாவியால் திறந்து ஓட்டிச் சென்றவர் திருட்டுக் குற்றவாளியானார்.

கூலி தீர்க்கப்படும்வரை பொருளைக் கையிலே வைத்திருக்கும் இவ்வுரிமையைச் சட்ட நூலார் பற்றுரிமை என்பர். அதன் அடிப்படை யாது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவில், உழைப்பையோ திறனையோ செலுத்திச் செய்யப்பட்ட சேவைக்கே அதனை அளிக்கின்றது. தானியம் அரைத்த ஆலைக்காரர் தம் கூலிக்காக மாவைத் தடுத்து வைக்கலாம் என்று 1816இல் ஆங்கிலேய நீதிபதிகள் சேஸ் எதிர் வெஸ்ட்மோர் வழக்கில் தீர்த்தனர். பொருளிலே உழைப்பு உறைகின்றது; அதனாற் பொருளின் பெறுமதி உயர்கின்றது; உயர்ந்த பெறுமதியை உழைத்தவர் கைவிட வேண்டியதில்லை. பொருளியலாளர் ஏட்டிலே வாதிட்டுக்கொண்டிருந்த ஓர் உண்மையை வழக்குமன்றம் தன்னையறியாமலே ஏற்றுக்கொண்ட இடம் இது எனலாம்.

இவ்வடிப்படையிலிருந்தே வாகனச் சொந்தக்காரரின் உரிமைகளும் பிறக்கின்றன. உழைப்பு சேராதவிடத்துப் பற்றுரிமை இல்லை. ஹற்றன் என்பவரின் காரைப் பராமரித்து, சாரதியையும் அமர்த்திய ஒரு கம்பனி நிலுவைக்காக அதனைத் தடுத்தது. பராமரிப்பு காரை உள்ளபடியே வைத்திருக்கின்றதேயன்றி மேம்படுத்தவில்லை என்றும், சொந்தக்காரர் வேண்டியபோதெல்லாம் எடுத்துச் செல்லக்கூடிய காரின்மேற் பிடியில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. இதனினும் பயனுடையது 1860இல் பிரபுக்கள் சபை தீர்த்த சோம்ஸ் வழக்கு. கப்பலொன்றைத் திருத்தியவர்கள் கூலிக்காக அதனைத் தடுத்து வைத்ததோடு, தடுத்து வைத்த நாட்களுக்கான துறைக்கட்டணத்தையும் கேட்டனர். கப்பற்காரர் ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டிக் கப்பலை மீட்டு, பின்னர் வழக்கிட்டு அக்கட்டணத்தைத் திரும்பப் பெற்றனர். தம் நலனுக்காகப் பொருளைப் பிடித்து வைத்திருப்பவர் அப்பிடிப்புக்கு வாடகை கேட்க முடியாது. நாளொன்றுக்கு இவ்வளவு என நிறுத்துகூலியை ஏற்றிக்கொண்டே போகும் கராச்காரருக்குக் காட்டவேண்டிய தீர்ப்பு இதுவே. முன்னைய வேலையொன்றின் பழைய பாக்கிக்காக இன்று திருத்திய வாகனத்தைத் தடுப்பதற்கும், அவ்வாறு ஒப்பந்தம் இருந்தாலன்றி, பொதுச்சட்டம் இடமளிப்பதில்லை. தடுத்து வைத்த பொருளை விற்கும் அதிகாரமும் பொதுச்சட்டத்தில் இல்லை; இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், முன்னறிவித்தல் முதலிய நிபந்தனைகளுடன், அதனை வழங்குகின்றது.

ஆயினும் ஒன்றைக் கவனியாது விட முடியாது. 1816இன் ஆலைக்காரர் கூலியைத் தாமே பேசித் தாமே பிடித்து வைத்தவர். இன்றைய கராச்சிலே எஞ்சினைக் கழற்றிப் பூட்டுபவர் கூலித் தொழிலாளி. அவ்வெஞ்சினிலே உறைந்திருப்பது அவருடைய உழைப்பு. பற்றுரிமையோ அவருடைய முதலாளிக்கு. தொழிலாளி கையிலிருக்கும் பொருளைச் சட்டம் முதலாளி கையிலிருப்பதாகவே கொள்கின்றது. அவருடைய சம்பளம் தடைப்பட்டால் அவர் எதனையும் பிடித்து வைக்க இயலாது. தொழிற் திணைக்களத்துக்கு மனு எழுத வேண்டும். உழைப்பின் பெயரால் எழுந்த உரிமை, உழைப்பாளரை விட்டு நழுவி, உற்பத்திச் சாதனங்களை உடையவரிடம் சேர்ந்த கதை இது.

மறுபுறத்தில் வாகனச் சொந்தக்காரர் எல்லோரும் செல்வந்தருமல்லர். முச்சக்கர வண்டியை லீசிங்கில் எடுத்து ஓட்டுபவருக்கு வண்டி நிற்கும் நாள் உழைப்பற்ற நாள். மாதத் தவணையோ நிற்பதில்லை. அவருடைய வண்டியின் சட்டபூர்வச் சொந்தக்காரர் நிதிக் கம்பனியே. இத்தகைய மும்முனைச் சிக்கலை ஆங்கிலேய மன்றங்கள் இரு வழக்குகளிற் சந்தித்தன. வாடகைக் கொள்வனவில் பெற்ற வாகனத்தை ஓட்டத்தக்க நிலையில் வைத்திருக்கக் கடமைப்பட்டவர் அதனைத் திருத்தக் கொடுக்கலாம். அத்திருத்தத்துக்கான பற்றுரிமை நிதிக் கம்பனியையும் கட்டும் என அவை தீர்த்தன. அவற்றுட் பின்னைய வழக்கு வாடகைக் கார்கள் பற்றியது. பற்றுரிமை உண்டாக்கலாகாது என்ற தடை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும், அதனை அறியாத திருத்துநரை அது கட்டுப்படுத்தவில்லை. கராச்சும் கம்பனியும் தத்தம் பிணையைக் காத்துக்கொள்ள, வருமானம் இழந்து நின்றவர் வண்டியோட்டியே.

இலங்கையின் பொதுச்சட்டமான உரோம-டச்சுச் சட்டம் இவ்விடயத்தைச் சற்று வேறு வழியில் அணுகுகின்றது. சொந்தக்காரருடன் ஒப்பந்தம் இல்லாதவிடத்தும், பொருளைக் காப்பதற்கும் அதன் பெறுமதியை உயர்த்துவதற்கும் நேர்ந்த செலவுக்காக அதனைத் தடுத்து வைக்கலாம். வெறும் அலங்காரச் செலவுக்காக அன்று. போதிய பிணை வைக்கப்படுமிடத்துப் பொருளை விடுவிக்குமாறு கட்டளையிடும் தற்றுணிபும் அச்சட்ட மரபில் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆகவே கணக்கில் பிணக்குள்ளவர் இரவில் மாற்றுச் சாவியைத் தேட வேண்டியதில்லை. தாம் ஒப்புக்கொள்ளும் தொகையை எழுத்து மூலம் கொடுக்க முன்வரலாம். எஞ்சியதற்குப் பிணை வைத்து வாகனத்தைக் கேட்கலாம். அவசரமாயின் ஆட்சேபத்தைப் பற்றுச்சீட்டிலே எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டிப் பின்னர் வழக்கிடலாம். வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்கிய மதிப்பீடு இம்மூன்றுக்கும் உதவும். ஆனால் பிணைக்கும் பணம் வேண்டும். வழக்கிற்கும் பணம் வேண்டும். அன்றாடம் ஓடி உழைப்பவரிடம் இவ்விரண்டும் இருப்பதில்லை என்பதைக் கராச் முதலாளி நன்கறிவார். கணக்கில் எழுதப்படும் தொகையை அவ்வறிவும் ஓரளவு நிர்ணயிக்கின்றது.