பங்கு பிரிப்பவர் யார்?

பலர் சேர்ந்து உழைத்து ஒன்றைப் பெறும்போது, அது யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. அரசியலின் தொடக்கம் அங்கேதான். அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல், யாருக்கு எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதே அரசியல் என்று 1936-இல் விளக்கினார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே தூத்துக்குடிக் கரை இந்தக் கேள்வியோடு வாழ்ந்து வந்திருக்கிறது. முத்து விளைந்த கடல் அது. எடுத்த முத்தைப் பங்கிடும் உரிமைக்காகப் பாண்டியர், காயல் வணிகர், மதுரை நாயக்கர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நின்ற கரையும் அதுவே.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். காற்றும் நீரோட்டமும் தணிந்திருக்கும் பங்குனி, சித்திரையில் அது நடக்கும். குளியாளி காலில் கல்லைச் சேர்த்துக்கொண்டு பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுக்கு இறங்குவார். மூச்சடக்கிய ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவரை மேலே இழுப்பார். கயிற்றில் இருக்கும் கை தவறினால் உயிர் போகும். அந்தச் சிப்பிகள் கரைக்கு வந்ததும் கூறு போடப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சலாபங்களில் மூன்று குவியல் வைத்து, இரண்டை அரசு எடுத்துக்கொண்டது. மீதி ஒன்றுதான் குளித்தவர்களுக்கு. அந்த ஒன்றிலும் கயிறு பிடித்தவருக்கும் படகின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் பங்கு உண்டு. சுறா அண்டாமல் மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கும் தனியே கொடுத்தாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்று, மீனைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்.

கடலுக்குள் இறங்கியவர் ஏன் மூன்றில் இரண்டைக் கொடுத்தார்? அதிகாரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நேரான கேள்வி கிடைப்பது அரிது. கரையில் ஆயுதம் ஏந்திய காவல் இருந்தது என்பது ஒரு விடை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடும் சலாபத்தில், ஒவ்வொரு படகுக்கும் ஒரு காவலரை வைத்து யாரும் பங்கு வசூலித்ததில்லை. கடல் அரசனுடையது, பாரைத் திறப்பதும் மூடுவதும் அவன் உரிமை என்ற எண்ணம் குளியாளியின் மனத்திலும் இருந்தது. அதோடு, அரசு நாள் குறித்து, படகுகளை எண்ணி, ஏலம் நடத்தினால்தான் வணிகர்கள் வருவார்கள், சிப்பி விலைபோகும். அச்சம், நம்பிக்கை, வேறு வழியின்மை மூன்றும் முறுக்கிய கயிறு அது.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பையே அதிகாரம் என்றார். கூடவே, ஆணையிடுபவருக்கு அந்த உரிமை உண்டு என்று கீழ்ப்படிபவர் ஏற்கும்போதுதான் அது நிலைக்கும் என்பதையும் வலியுறுத்தினார். மரபு, தலைவரின் தனி ஈர்ப்பு, சட்டம் ஆகிய மூன்றும் அந்த ஏற்புக்கு அவர் கண்ட ஊற்றுகள். பாண்டிய நாட்டு முத்துகளைப் பட்டியலிடும் அர்த்தசாஸ்திரமும் அரசனின் ஆற்றலை மூன்றாகவே பிரிக்கிறது: மனத்தின் ஊக்கம், கருவூலமும் படையும், அறிவு சார்ந்த ஆலோசனை. இவற்றில் ஆலோசனையைத்தான் அது மேலே வைக்கிறது. திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்து, அதே கோல் இரண்டு விதமாக இருக்க முடியும் என்று காட்டுகிறது. கையில் இருக்கும் வலிமையை மட்டும் வைத்து ஆட்சியை அளக்க முடியாது என்பதில் இந்த மூன்று மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

வெறும் வலிமையின் பழைய சான்றும் இங்கேயே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. கொற்கை முத்தின் புகழைப் பாடும்போது இந்தச் செய்தியை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒதுக்கக் கூடாது. அந்தக் கைதிகளில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. ரோமுக்குப் போன முத்து அவர்கள் மூச்சில் எடுக்கப்பட்டது.

கீழ்ப்படிபவர்களுக்கும் அரசியல் உண்டு என்பதைப் பதினாறாம் நூற்றாண்டு காட்டுகிறது. அப்போது குளிப்பு உரிமையைக் காயல் பகுதி முஸ்லிம் வணிகர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முத்துக் குளித்த பரதவர்களுக்கும் அந்த வணிகர்களுக்கும் 1530-களில் மோதல் முற்றியது. குதிரை வணிகரும் கிறித்தவராக மாறியவருமான ஜோவா த குரூஸ், போர்த்துக்கீசியரின் துணையை நாடும்படி பரதவத் தலைவர்களுக்கு யோசனை சொன்னார். தூதுக்குழு கொச்சிக்குப் போனது. 1536, 1537-இல் கரை ஊர்களில் பெருந்திரளாக ஞானஸ்நானம் நடந்தது. 1538-இல் வேதாளையில் போர்த்துக்கீசியக் கப்பற்படை எதிர்த்தரப்பான மரைக்காயர்களைத் தோற்கடித்தது. பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தது அதன் பிறகு, 1542-இல்.

இதைச் சமயமாற்றக் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். படையும் பட்டமும் இல்லாத ஒரு கடற்கரைச் சமூகம், தன்னை நெருக்கியவரைவிட வலிய ஒருவரைத் தேடி, அவரோடு உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு விலையும் இருந்தது. பழைய குத்தகைக்காரர் போன இடத்தில் போர்த்துக்கீசியக் கேப்டன்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களின் பேராசையையும் கொடுமையையும் பற்றிச் சேவியரே தம் கடிதங்களில் கசப்போடு முறையிட்டிருக்கிறார். காவலுக்கு வந்தவர் பங்குக்கும் நிற்பது அரசியலில் மீண்டும் மீண்டும் நடப்பது.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கப்பலும் துப்பாக்கியும் வணிகமும் அவர்கள் கைக்கு வந்தன. பரதவர்களைத் தங்கள் புராட்டஸ்டண்டு சபைக்குத் திருப்ப எவ்வளவோ முயன்றும் அது நடக்கவில்லை. கரை கத்தோலிக்கமாகவே இருந்தது. வரியை வாங்க முடிந்த டச்சுக் கம்பெனியால் வழிபாட்டை மாற்ற முடியவில்லை. அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. குளியாளிகளைத் திரட்டவும் தொழிலை நடத்தவும் அவர்கள் பரதவர்களின் சாதித் தலைவரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பாண்டியபதி என்று பட்டம் கொண்ட அவருக்கு இரு பக்கத்திலிருந்தும் செல்வாக்கு வந்தது: ஐரோப்பியர் அவரை ஏற்றதால் ஊரில் மதிப்பு, ஊர் அவர் சொல்லைக் கேட்டதால் ஐரோப்பியரிடம் மதிப்பு. இடையில் நிற்பவரின் இந்த வகை அதிகாரம் இன்றைய கட்சிகளிலும் சங்கங்களிலும் எளிதாக அடையாளம் காணக்கூடியது.

1825-இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் வசமானது. அரசனின் மரபுரிமை இருந்த இடத்தில் சட்டமும் இலாகாவும் வந்தன. முத்தும் சங்கும் அரசின் தனியுரிமையாகத் தொடர்ந்தன. துறைமுகமும் கப்பல் போக்குவரத்தும் ஆங்கிலக் கம்பெனிகளின் கையில் இருந்தன. இந்த அமைப்போடுதான் வ. உ. சிதம்பரம் பிள்ளை மோதினார்.

1906 அக்டோபரில் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளை வாங்கினார். முதலில் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கப்பல் உரிமையாளரை நெருக்க, அது திரும்பப் பெறப்பட்டது. வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் கொண்டுவந்தார். பின்னர் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் சொந்தமாக வந்தன. ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிச்செல்லவும், ஏறுபவருக்குக் குடை கொடுக்கவும் முன்வந்ததாகச் சொல்வார்கள். நட்டத்தைத் தாங்கும் பணப்பை ஒரு வகை அதிகாரம். ஒரு ரூபாய்க்குச் சண்டையிடுபவரை, லட்ச ரூபாய் நட்டத்தைப் பொருட்படுத்தாதவர் களைத்துப்போகச் செய்ய முடியும்.

வ.உ.சி.யிடம் இருந்தது வேறு வகை. மக்கள் ஒன்றுசேர்ந்து செயல்படும்போது அதிகாரம் பிறக்கிறது, கலையும்போது அது மறைகிறது, வன்முறை அதற்கு நேர் எதிரானது என்று ஹன்னா ஆரெண்ட் பின்னாளில் எழுதினார். 1908-இல் தூத்துக்குடி அதை நடத்திக் காட்டியது. பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இல்லாமை ஆகியவை குறைகள். வ.உ.சி.யும் அவர் தோழர் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். ஊர் மக்கள் பொருள் திரட்டி வேலைநிறுத்தக்காரர்களுக்கு உணவளித்தார்கள். வெள்ளையர் பக்கம் நின்றவர்களுக்குச் சவரத் தொழிலாளரும் சலவைத் தொழிலாளரும் வேலை செய்ய மறுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஊரில் மிக எளிய நிலையில் வைக்கப்பட்டிருந்தவர்கள் ஒன்றாக நின்றபோது ஆலையும் ஆட்சியும் திகைத்தன.

ஸ்டீவன் லூக்ஸ் என்ற அறிஞர் 1974-இல் அதிகாரத்துக்கு மூன்று முகங்கள் உண்டு என்றார். தீர்மானத்தில் வெல்வது வெளிப்படையான முகம். எது விவாதத்துக்கு வரவே கூடாது என்று தடுப்பது அடுத்தது. மூன்றாவது ஆழமானது: மக்கள் தங்களுக்கு வேறொன்று வேண்டும் என்று எண்ணாதபடி அவர்கள் விருப்பத்தையே உருவாக்கிவிடுவது. வார விடுமுறை கேட்கலாம் என்ற எண்ணம் மில் வாசலில் பேச்சானபோது இந்த மூன்றாம் முகம்தான் முதலில் உடைந்தது. ஆட்சியாளர்கள் வ.உ.சி.யின் கப்பலுக்கு அஞ்சியதைவிட அவர் மேடைக்கு அஞ்சியதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் திருநெல்வேலியில் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என வ.உ.சி.க்கு நாடுகடத்தல் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. காலியா போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது. கூடிச் செயல்படும் ஆற்றலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. தலைவர் சிறைக்குப் போனபின் பங்குதாரர்களைச் சேர்த்துப்பிடிக்க ஆளில்லாமல் போனது. அமைப்பாக ஊன்றாத ஒற்றுமை அடக்குமுறையின் முன் நீண்ட நாள் தாங்காது.

நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, சொந்த அரசின் கீழ், தூத்துக்குடியில் துப்பாக்கி வெடித்தது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22-இல் மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனார்கள். அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். மே 28-இல் தமிழக அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. துப்பாக்கி ஏந்திய அரசுதான் ஒரு வாரத்தில் பின்வாங்கியது. சுடும் உரிமை சட்டத்தில் இருந்தாலும், சுட்டபின் ஆள்வதற்கான ஏற்பு தானாக வந்துவிடாது. அந்த 13 உயிர்கள் இல்லாமலே அந்த ஆணை வந்திருக்க முடியும் என்பதுதான் இதில் ஆறாத வேதனை.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. பார்களில் சிப்பி போதுமான அளவு விளையவில்லை. கடலைப் பங்கிடும் அரசியல் மட்டும் தொடர்கிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகி, தலைமுறைகளாகப் போய்வந்த மீனவர்களுக்கு அங்கே தடை வந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. அதன் கீழ் விசைப்படகும் நாட்டுப்படகும் எங்கே தொழில் செய்யலாம் என்று எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் காக்க இவை தேவை. கரையில் பலரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். தகராறு வருவது விதியை யார் எழுதினார்கள், எழுதும்போது நாட்டுப்படகுக்காரரையும் சங்கு குளிப்பவரையும் கூப்பிட்டுக் கேட்டார்களா, தடைக்கால நிவாரணத் தொகை எவ்வளவு என்று யார் தீர்மானித்தார்கள் என்பவற்றில்தான்.