ஈரக் காற்றும் லாரிப் புகையும்

ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 கங்கைகொண்டான் வழியாகத்தான் போகிறது. டெல்லியின் தை மாத வறண்ட குளிரிலும் ஓடிய ஒரு லாரி, ஐப்பசி மழைநாளில் இங்கே சிற்றாற்றைத் தாண்டுகிறது என்று வையுங்கள். அதே எஞ்சின், அதே டீசல். ஆனாலும் உள்ளே உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்காது. அதற்கு ஒரு காரணம், காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி.

டீசலில் நைட்ரஜன் இல்லை என்றே சொல்லலாம். பிறகு எங்கிருந்து வருகிறது? நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்துதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வெப்பத்தில் அந்தக் கட்டு அவிழாது. வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதை மாறும். ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைந்து ஒற்றை அணுக்களாகத் திரியும். அப்படி ஓர் அணு நைட்ரஜன் ஜோடியில் வேகமாக மோதினால், அதில் ஒன்றைப் பிய்த்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிவிடும். தனித்துப்போன இன்னொரு நைட்ரஜன் சும்மா இருக்குமா? அதுவும் ஓர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியை 1940களில் விளக்கியவர் சோவியத் விஞ்ஞானி யாக்கோவ் செல்தோவிச். டீசல் சுடரின் உட்பகுதி 2,000 டிகிரியையும் தாண்டும் என்பதால் அங்கே இது மும்முரமாக நடக்கும்.

இந்த வாயு வெளியே வந்து நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி மூச்சுக்குழாயை எரிக்கும். நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

நீராவி இந்த வாயுவைக் குறைப்பது முக்கியமாக வெப்பத்தைப் பங்குபோட்டு. பத்துப் பேருக்கு வைத்த சொதியைப் பதினைந்து பேருக்குப் பரிமாறினால் ஒவ்வோர் இலையிலும் கொஞ்சம்தானே விழும்? நீராவி தானும் சூடேற வேண்டும். ஒரு டிகிரி ஏற, அதே எடையுள்ள காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். அதனால் சுடரின் உச்ச வெப்பம் தணிகிறது. இதோடு, திரியும் ஆக்சிஜன் அணுக்கள் சிலவற்றை நீர் மூலக்கூறுகள் பிடித்து வேறு துணுக்குகளாக மாற்றிவிடுகின்றன. ஆனால் பெரும்பங்கு வேலை வெப்பத்தைத் தணிப்பதுதான்.

இதனால்தான் எஞ்சின் சோதனைக்கூடங்களில் அன்றைய காற்றின் ஈரத்தையும் அளக்கிறார்கள். ஒரு கிலோ உலர்ந்த காற்றில் 10.71 கிராம் நீராவி இருந்திருந்தால் எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு வந்திருக்கும் என்று கணக்கைத் திருத்திய பிறகே அளவைச் சொல்கிறார்கள்.

புது லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது யூரியா கலந்த நீர். அது சுடருக்குள் போவதில்லை. உருவாகிவிட்ட வாயுவைப் புகைக்குழாயில் வைத்துத் திரும்ப நைட்ரஜனாக மாற்றுகிறது. அது வேறு வித்தை.

சுடருக்குள்ளேயே நீராவியை விடுவது எரிவாயு டர்பைன்களில் உண்டு. எரிபொருளின் எடைக்கு ஏறக்குறைய சமமாக நீரையோ நீராவியையோ செலுத்தினால், நைட்ரஜன் ஆக்சைடு பாதிக்கும் மேல் குறையும். அளவு மிஞ்சினால் சுடர் தடுமாறி, கார்பன் மோனாக்சைடு கூடிவிடும். உப்பு நீக்கிய சுத்தமான நீர்தான் வேண்டும். இல்லாவிட்டால் டர்பைன் இறக்கைகளில் உப்புப் படிந்துவிடும்.

தூத்துக்குடி அனல்மின் நிலையம்போல நிலக்கரி எரிக்கும் இடங்களில் இந்த உத்தி அவ்வளவாக எடுபடாது. நிலக்கரிக்குள்ளேயே நைட்ரஜன் இருக்கிறது. அது பிரிந்துவர அத்தனை பெரிய வெப்பம் தேவையில்லை. அங்கே காற்றை ஒரேயடியாக விடாமல் கட்டம் கட்டமாக விட்டு எரிப்பது ஒரு வழி. முதல் கட்டத்தில் ஆக்சிஜன் போதாமல் இருப்பதால், பிரிந்துவந்த நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடியும் ஜோடியாகிவிடும்.